பாடிய புலவரும் மெய்காணும் நெறியும்

மக்கள் ஒருவரை உளமார நேசிப்பாராயின், அவரைப்பற்றி மிகுதியாகப் பேசுவர். பேசுந்தோறும் செய்தி வளரும். ஒருவர் கண்டதை மற்றொருவர் கேட்பார். கேட்டதை வேறொருவர் சற்றே மாற்றிக் கூறுவார். மூன்று தலைமுறை கழிந்தபின், கண்டது எது, கேட்டது எது, கட்டியது எது என்று பிரித்தறிதல் அரிதாகிவிடும். பாட்டால் புகழ்பெற்றார் வாழ்வில் இஃது இன்னும் மிகுதியாகும். பாட்டு, ஏட்டில் தங்குவதினும் மக்கள் நாவில் தங்கும் இயல்புடையது. வாய்க்கு வாய் பரவும் பாட்டோடு, அதனைப் பாடியவரின் கதையும் உடன் பரவும். பாட்டில் ஒரு சொல் பிழைத்தால் ஓசை காட்டிக் கொடுத்துவிடும். கதையில் ஒரு செய்தி பிழைத்தால் காட்டிக் கொடுப்பார் யார்?

இதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். எப்பொருளை எவர்வாய்க் கேட்டாலும் அதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்தார். தருக்க நூலார், மெய்யை அளந்தறியும் கருவிகளை அளவைகள் எனப் பெயரிட்டு, காட்சி, கருதல், உரை என அவற்றை வகைப்படுத்தினர். கண்ணாற் கண்டு தெளிதல் காட்சி. மலையிற் புகை கண்டு அங்கே தீ உண்டென உணர்தல் கருதல். நம்பத்தக்கார் கூறக் கேட்டு அறிதல் உரை. கடவுளையும் உயிரையும் ஆராய்தற்கு வகுத்த இக்கருவிகள், ஒரு மனிதர் வாழ்வை ஆராய்தற்கும் பெரிதும் பயன்படும். கடையம் என்னும் சிற்றூரோடு தொடர்புடைய ஒரு பெரும்புலவரின் வாழ்வைக்கொண்டு இதனை விளக்குதல் எளிது.

தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடையே, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கடையம். மலையிற் பிறந்த ஆறுகள் வயல்களை வளப்படுத்த, வில்வவனநாதரும் நித்தியகல்யாணி அம்மையும் கோயில்கொள்ள, குற்றாலச் சாரலின் குளிர்காற்று வந்து உலவ விளங்கும் ஊர் அது. பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊரும் அதுவே. எட்டயபுரத்திலே 1882-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் பிறந்த சுப்பிரமணியனுக்கும் செல்லம்மாளுக்கும் 1897-ஆம் ஆண்டு திருமணம் நடைபெற்றது. மணமகனுக்கு அப்பொழுது பதினைந்து வயது நிரம்பவில்லை. மணமகள் ஏழு வயதுச் சிறுமி.

பாரதியாரைப் புலவர் என்று மட்டும் கூறுதல் போதாது, அவர் பாடகருமாவார். தாம் இயற்றிய பாடல்களைத் தாமே உரத்த குரலில் உணர்ச்சி பொங்கப் பாடுவார் என்று அவரோடு பழகியோர் பலரும் எழுதியுள்ளனர். பல பாடல்களுக்கு இராகமும் தாளமும் அவரே குறித்துள்ளார். மேலும், உழவரும் தொழிலாளரும் பாடிவந்த நாட்டு மெட்டுக்களைப் பெரிதும் போற்றியவர் அவர். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் ஊற்றுமலை அரண்மனையின் ஆதரவில் காவடிச்சிந்து பாடிப் புகழ்பெற்றது இத்தென்பாண்டிச் சீமையிலேயாகும். அச்சீமையில் வளர்ந்த பாரதியாரும் சிந்து, நொண்டிச்சிந்து, கும்மி, கிளிக்கண்ணி முதலிய எளிய வடிவங்களில் நாட்டுப்பற்றையும் பெண்ணுரிமையையும் பாடினார். ஏற்றம் இறைப்போர் பாட்டிலும், நெல் இடிக்கும் மகளிர் பாட்டிலும் தம் உள்ளத்தைப் பறிகொடுத்த செய்தியைக் குயில் பாட்டிலே அவர் கூறுகின்றார்.

அவர் குரலைப் பதிந்த இசைத்தட்டு ஒன்றும் நமக்குக் கிடைத்திலது. அவருடைய நிழற்படங்களாக அறியப்பட்டவையும் ஐந்தே. அவற்றுள் இரண்டு, அவர் கடையத்தில் வாழ்ந்த காலத்தில் காரைக்குடிக்குச் சென்றபோது எடுக்கப்பட்டவை. காண்டற்கும் கேட்டற்கும் உரிய சான்றுகள் இங்ஙனம் சுருங்கியிருத்தலின், அவ்விடத்தை நிரப்பக் கதைகள் பல எழுந்தன.

பாரதியார் புதுச்சேரியிலிருந்து நேரே சென்னைக்கு வந்தார் என்று கருதுவோர் பலர். அவர் வாழ்வைச் சுருக்கி எழுதுவோர், எட்டயபுரம், காசி, மதுரை, சென்னை, புதுச்சேரி, மீண்டும் சென்னை என்று ஊர்களை வரிசைப்படுத்தி முடித்துவிடுவதும் உண்டு. அவ்வரிசையிற் கடையத்தைக் காணோம். உண்மை யாது? 1908-ஆம் ஆண்டிற் புதுச்சேரி சென்ற பாரதியார், பத்தாண்டுக்குப்பின், 1918-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் அவ்வூர் எல்லையைக் கடந்து ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிக்கு வந்தார். வந்தவுடன் தளையிடப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். டிசம்பர் 14-ஆம் நாள் சில நிபந்தனைகளின்மேல் விடுதலை பெற்றார். அதன்பின் அவர் சென்றது கடையத்திற்கே. 1920-ஆம் ஆண்டின் இறுதியில் சுதேசமித்திரன் அலுவலகத்தில் மீண்டும் பணியேற்கச் சென்னை செல்லும்வரை, ஏறத்தாழ ஈராண்டு அவர் கடையத்தைத் தம் உறைவிடமாகக் கொண்டிருந்தார்.

ஈராண்டு விடுபட்டால் என்ன குறை என்று சிலர் வினவலாம். 1920-ஆம் ஆண்டிற் பாரதியார் கடையத்திலிருந்து நண்பர்களுக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தார். தம் எழுத்துக்களையெல்லாம் நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிட வேண்டும் என்பது அவர் எண்ணம். நாற்பது நூல்கள், நூலொன்றுக்குப் பதினாயிரம் படிகள் எனின், ஆகமொத்தம் நான்கு லட்சம் படிகள்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல அந்நூல்கள் வீடுதோறும் சென்று விலைபோகும் என்று அவர் உறுதியாக நம்பினார். அதற்கு வேண்டும் முதலைக் கடனாகத் தந்துதவுமாறு கேட்டார். பொருள் வந்து சேரவில்லை, திட்டம் கைகூடவில்லை. ஆயினும், வறுமையிலும் காவலர் கண்காணிப்பிலும் உழன்ற ஒருவர், ஒரு சிற்றூரில் அமர்ந்து, தமிழ்நாடு முழுமைக்கும் நூல் வழங்கத் திட்டமிட்டார் என்பது சிறிய செய்தியா? கடையத்தை விட்டு எழுதுவோர் இப்பெருமுயற்சியையும் அறியாமலே விட்டுவிடுகின்றனர். இடமும் ஆண்டும் பிழைபடும்போது, ஒரு மனிதர் உழைத்த உழைப்பே மறைந்துபோகின்றது.

இனி, எந்தப் பாட்டு எந்த ஊரிற் பிறந்தது என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். தாம் விரும்பும் பாட்டுத் தம் ஊரிலே பிறந்தது என்று கூறிக்கொள்ளுதல் மக்கட்கு இயல்பு. அங்ஙனம் கூறுவதில் அன்பு உண்டு. ஆயினும் அன்பே சான்றாகாது. இங்கே கருதல் என்னும் அளவை துணைசெய்யும். கண்ணன் பாட்டைப் பரலி சு. நெல்லையப்பர் 1917-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பாரதியார் கடையத்திற் குடியேறியது 1918-ஆம் ஆண்டின் இறுதியில். ஆதலின், அந்நூலில் இடம்பெற்ற பாட்டு எதுவும் அவர் அங்கே குடியேறியபின் பிறந்ததாகாது. அச்சில் வந்த ஆண்டு ஒரு வேலியைப் போன்றது. பாட்டு அவ்வேலிக்கு அப்பாற் பிறந்திருத்தல் இயலாது.

ஆனால் இக்கருவியையும் எச்சரிக்கையோடு கையாளுதல் வேண்டும். குயில் பாட்டு நூல்வடிவம் பெற்றது பாரதியார் மறைந்த பின்னர். அதுகொண்டு, அப்பாட்டு அவருடைய இறுதிக்காலத்திலே இயற்றப்பெற்றது என்று முடிவுசெய்தல் தவறு. அது புதுச்சேரி வாழ்வின் விளைவு. அச்சில் வந்த ஆண்டு, பாட்டு எப்பொழுதிற்குப் பின் பிறந்திருக்க இயலாது என்பதைக் காட்டும்; எப்பொழுது பிறந்தது என்பதை அதுவே காட்டிவிடாது. இவ்வேறுபாட்டை உணராதார், நல்ல சான்றைக் கையில் வைத்துக்கொண்டே பிழையான முடிவிற்குச் சென்றுவிடுவர்.

உரையளவையை ஆராயுமிடத்து, கூறுபவர் நல்லவரா என்பதோடு, அவர் எப்பொழுது கூறினார் என்பதையும் நோக்குதல் வேண்டும். பாரதியார் காந்தியடிகளைச் சென்னையிற் கண்ட நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. இராசாசியின் இல்லத்திற் காந்தியடிகள் தங்கியிருந்தபோது, பாரதியார் விரைந்து உள்ளே நுழைந்து, தாம் பேசும் கூட்டத்திற்குத் தலைமை தாங்க இயலுமா என்று வினவினார். இயலாமையை அறிந்ததும், அடிகள் தொடங்கவிருந்த இயக்கத்தை வாழ்த்திவிட்டு உடனே திரும்பினார். அருகிருந்து கண்ட வ. ராமசாமி ஐயங்கார் இதனைப் பல ஆண்டு கழித்து எழுதினார். அந்நிகழ்ச்சியை 1919-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடந்ததாக அவர் குறித்தார். காந்தியடிகளோ, ரௌலட் சட்டத்தை எதிர்க்கும் பொருட்டு அவ்வாண்டு சென்னைக்கு வந்தது மார்ச்சுத் திங்களிலாகும். நாடு முழுவதும் ஒருநாள் கடையடைப்பும் நோன்பும் நிகழ்த்த வேண்டும் என்னும் எண்ணம் சென்னையில் இராசாசியின் இல்லத்திலே தமக்குத் தோன்றியதாக அடிகளே தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

அங்ஙனமாயின் வ. ரா. கூறியது பொய்யா? அன்று. நிகழ்ச்சி நெஞ்சில் நின்றது, திங்கள் நழுவியது. மனிதர் நினைவின் இயல்பு அதுவே. முகத்தையும் சொல்லையும் அது போற்றிக்காக்கும். நாளையும் எண்ணையும் எளிதில் விட்டுவிடும். ஆகவே, ஒரு சான்றில் ஒரு பிழை கண்டவுடன் அதனை முழுவதும் தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது. பிழைபட்ட பகுதியைத் திருத்தி, எஞ்சியதை ஏற்றுக்கொள்வதே நெறி. நெல்லிற் பதர் இருத்தல் கண்டு, நெல்லையே குப்பையிற் கொட்டும் உழவர் உண்டோ?

பாரதியாரைப்பற்றி மிகப்பரவிய செய்தி, யானை மிதித்து அவர் இறந்தார் என்பது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பாரதியார் பழமும் தேங்காயும் அளிப்பது வழக்கம். ஒருநாள் அவ்யானை மதங்கொண்டிருந்ததை உணராது அவர் அருகிற் சென்றார். யானை அவரைத் தள்ளிவிட்டது. குவளைக் கண்ணன் என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணமாசாரியார், தம் உயிரையும் பொருட்படுத்தாது உள்ளே பாய்ந்து அவரை மீட்டார். இதுவரை கூறியது மெய்.

அதன்பின் நிகழ்ந்தது யாது? பாரதியார் தேறினார், அலுவலகம் சென்றார், எழுதினார். 1921-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள், ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்து வாசகசாலையின் ஆண்டுவிழாவில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்னும் பொருள்பற்றிச் சொற்பொழிவாற்றினார். அப்பயணத்தைப்பற்றித் தாமே சுதேசமித்திரனில் எழுதி ஆகஸ்டுத் திங்களில் வெளியிட்டார். அவர் மறைந்தது செப்டம்பர்த் திங்களில். மறைவிற்குக் காரணம் வயிற்றுக்கடுப்பு நோய். யானையால் உண்டான அதிர்ச்சி அவர் உடலை நலிவித்திருக்கலாம் என்பது கருதல். யானையே அவரைக் கொன்றது என்பது அக்கருதலைக் கண்டதுபோல உரைத்தலாகும். கருதலைக் காட்சியாக்கி உரைப்பதே பெரும்பாலான கட்டுக்கதைகளின் பிறப்பிடம்.

இக்கதையை அப்படியே ஏற்றுக்கொள்வதால் வரும் தீங்கு யாது? யானை கொன்றது என்று முடித்துவிட்டால், அதற்குப்பின் அவர் செய்த பணியெல்லாம் பார்வையிலிருந்து மறைந்துவிடும். நலிந்த உடலோடு தொலைவூர் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்று முழங்கிய அந்த நெஞ்சுரம் மறைந்துவிடும். நோயும் வறுமையும் சேர்ந்து ஒரு பெரும்புலவரை முப்பத்தெட்டாவது வயதிலே கவர்ந்துசென்றன என்னும் உண்மையும் மறைந்துவிடும். யானையின்மேற் பழிபோட்டுவிட்டால், அவர் வாழ்ந்தபோது அவருக்கு உதவாத சமுதாயம் தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா எழாமலே போய்விடும்.

முப்பத்தெட்டு என்னும் எண்ணையும் ஆராய்தல் நன்று. பாரதியார் முப்பத்தொன்பது ஆண்டு வாழ்ந்தார் என்று எழுதுவோர் பலர். 1921-இலிருந்து 1882-ஐக் கழித்தால் முப்பத்தொன்பது வருவது உண்மையே. ஆயினும் அவர் பிறந்தது டிசம்பரில், மறைந்தது செப்டம்பரில். ஆதலின் அவர் வாழ்ந்தது முப்பத்தெட்டு ஆண்டும் ஒன்பது திங்களுமேயாம். ஆண்டைமட்டும் கழித்துத் திங்களை நோக்காமையால் வந்த பிழை இது. ஆராய்ச்சியின் தொடக்கம் இத்தகைய எளிய கணக்கே.

மறைந்த நாளைப்பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. செப்டம்பர் 11 என்பர் ஒருசாரார். 12 என்பர் மற்றொருசாரார். திருவல்லிக்கேணித் துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவில் இருந்த இல்லத்தில், 11-ஆம் நாள் இரவு, நள்ளிரவு கடந்தபின் பாரதியாரின் உயிர் பிரிந்தது. ஆங்கில முறைப்படி நள்ளிரவிலே புதிய நாள் தொடங்கிவிடும். ஆதலின் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவில் 12-ஆம் நாள் எனக் குறிக்கப்பட்டது. நம்மவர் வழக்கப்படி, கதிரவன் எழுந்தது முதல் மறுநாட் கதிரவன் எழும்வரை ஒரே நாள். ஆதலின் உற்றார் உறவினர் அதனை 11-ஆம் நாள் இரவென்றே நினைவில் வைத்தனர். தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டில், செப்டம்பர் 11-ஆம் நாளை மகாகவி நாளாகக் கொண்டாட முடிவுசெய்தது. இரு நாளும் ஒரே இரவைக் குறிப்பன என்று உணர்ந்தார்க்கு மயக்கமில்லை. இரு சான்றுகள் முரண்படும்போது, ஒன்றைப் பொய்யென்று விரைந்து கூறாமல், அவை எந்த அளவுகோலால் அளந்தன என்று முதலிற் காணுதல் வேண்டும்.

ஊர்ப்பெயரையும் மாவட்டப்பெயரையும் குறிக்கும்போதும் இந்நெறியே துணை. பாரதியார் காலத்துக் கடையம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டு தென்காசி தனி மாவட்டமானபின் அதனுள் அடங்கிற்று. பழைய ஏட்டில் திருநெல்வேலி என்றும், புதிய ஏட்டில் தென்காசி என்றும் இருத்தல் கண்டு மாணாக்கர் மயங்குதல் வேண்டா. ஊர் நகரவில்லை, எல்லையே மாறிற்று.

சான்றுகளைத் தரம்பிரித்தல் எவ்வாறு? ஒருவர் அருகிருந்து கண்டதற்கே அவர் சொல் வலிமையுடையது. செல்லம்மாள், கணவர் மறைந்து இருபது ஆண்டு கழித்து, 1941-ஆம் ஆண்டில் அவர் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1951-இல் திருச்சி வானொலியில் தம் கணவரைப்பற்றி உரையாற்றினார். இல்லத்தின் வறுமை, கணவரின் இயல்பு, மக்கள் தங்கம்மாள், சகுந்தலா ஆகியோரின் வளர்ப்பு என்பனபற்றி அவர் கூறுவதினும் சிறந்த சான்று வேறில்லை. ஆனால் கடலூரிற் சிறைப்பட்ட நாளையும் விடுதலை பெற்ற நாளையும் அறிதற்கு அரசின் பதிவேடே சிறந்தது. அரசின் பதிவேடும் குறையுடையதே. காவலர் அவரை ஐயத்திற்குரியவராக நோக்கினரேயன்றிப் புலவராக நோக்கினாரல்லர். எந்நாளில் எங்கே சென்றார் என்பதை அவ்வேடு காட்டும். எதற்காக ஏங்கினார் என்பதைக் காட்டாது. ஏங்கியதை அறிய, இல்லத்தார் உரையையும் அவருடைய கடிதங்களையுமே நாட வேண்டும். பதிவேடும் இல்லத்தார் நினைவும் ஒன்றையொன்று நிரப்பும்போதே வாழ்வு முழுமையாகத் தோன்றும்.

கணவரை இழந்த செல்லம்மாள் செய்த ஒரு செயல் ஈண்டு நினைத்தற்குரியது. துயரம் ஆறுமுன்னரே, அவருடைய எழுத்துக்கள் அழிந்துபோகாதவாறு, பாரதி ஆச்ரமம் என்னும் பெயரால் நூல்கள் வெளிவர முயன்றார் அவ்வம்மையார். 1922-ஆம் ஆண்டில் சுதேச கீதங்கள் வெளிவந்தது. நாற்பது நூல்களாக வெளியிடக் கடையத்தில் எண்ணிய எண்ணம் கணவர் காலத்திற் கைகூடாதிருப்ப, அவ்வூரிற் பிறந்த பெண்மணியே அப்பணியின் முதலடியை எடுத்துவைத்தார். அவர் காத்தளித்த ஏடுகள் இல்லையேல், பிற்காலத்தார் ஆராய்தற்கு ஒன்றும் எஞ்சியிராது. சான்றைக் காப்பவரும் வரலாற்றை ஆக்குபவரே.

ஒவ்வோர் ஊரிலும் பாட்டுப் பாடிப் பேர்பெற்றார் சிலர் இருப்பர். வில்லுப்பாட்டுப் பாடியவர், கும்மிக்கு மெட்டுக் கட்டியவர், நடவுப்பாட்டால் வயலை மகிழ்வித்த மூதாட்டி என இத்தகையார் பலர். அவர் வரலாற்றை எழுத விரும்பும் மாணாக்கர், முதியோரிடம் சென்று கேட்கலாம். கேட்கும்போது, கூறியவர் பெயர், கூறிய நாள், அவர் தாமே கண்டதா பிறர் சொல்லக் கேட்டதா என்னும் மூன்றையும் தவறாது குறித்தல் வேண்டும். ஒருவர் கூறியதை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிடுதல் வேண்டும். பள்ளிப் பதிவேடு, திருமண அழைப்பு, பழைய நிழற்படம், கடிதம் என எழுத்துச் சான்று ஏதேனும் உண்டாயின் அதனைக் கண்டு, நாளைச் சரிபார்த்தல் வேண்டும்.

இங்ஙனம் ஆராய்வதால் அன்பு குறைந்துவிடுமோ என அஞ்சுதல் வேண்டா. யானைக் கதையை நீக்கியபின் தோன்றும் பாரதியார் சிறியவரல்லர். நான்கு லட்சம் நூற்படிகளைக் கனவு கண்டவர், நலிந்த உடலோடு கருங்கல்பாளையம் சென்று முழங்கியவர், முப்பத்தொன்பதாம் பிறந்தநாளைக் காணாது மறைந்தவர் என்று அவரை நாம் அறிகின்றோம். பெரியோரை மெய்யாக அறிதலே, அவர்க்கு நாம் செய்யத்தகும் முதல் மரியாதையாகும்.